ஏற்றுதலும் ஏற்றலும்: உளப்பகுப்பியற் கோட்பாடொன்றின் மதிப்பீடு

மனிதன் குற்றத்தைத் தன்னிடத்துக் காண்பதினும் பிறனிடத்துக் காண்பதை எளிதாகக் கொள்பவன். இது நீதிநூலார் யாவரும் அறிந்து கூறிய உண்மை. ஆயின், ஒருவன் தன்பாலுள்ளதைப் பிறன்பாற் காண்பதோடு அமையாது, அப்பிறனை உண்மையாகவே அத்தன்மையுடையவனாக ஆக்கிவிடவும் வல்லன் என்பது அத்துணை எளிதிற் புலப்படுவதன்று. சினம் நிறைந்த கணவன் ஒருவன் தன்னை அமைதியின் வடிவமாகவே எண்ணிக்கொள்கிறான். குத்தலான ஓரிரு சொற்களாலும், நீண்ட வாய்வாளாமையாலும் மனைவியை மெல்ல மெல்லச் சினங்கொள்ளச் செய்கிறான். அவள் வெகுண்டெழுந்தபின், சினம் உன்னிடத்தன்றோ உள்ளது என அமைதியோடு கேட்கிறான். ஈண்டுச் சினம் யாருடையது? வெளிப்படுத்தியவள் அவள்; தொடக்கியவன் அவன். அவள் சினம் பொய்யன்று. ஆயினும் அது முழுவதும் அவளுடையதுமன்று.

இத்தகைய நிகழ்ச்சியை ஆராய்ந்து அதற்கொரு பெயரிட்டவர் உளப்பகுப்பியலார். ஆங்கிலத்திற் 'புரஜெக்டிவ் ஐடென்ரிபிக்கேஷன்' என வழங்கும் அப்பெயரைத் தமிழிற் 'புறத்தேற்ற ஒன்றிப்பு' எனலாம். தன் உள்ளத்திற் பொறுத்தற்கரியதாயுள்ள ஒரு பகுதியைப் பிறர்மேல் ஏற்றி, அப்பிறரை அப்பகுதியோடு ஒன்றாகக் காணுதல் அதன் முதற் கூறு. அவ்வாறு ஏற்றப்பட்டதை அப்பிறர் தம்மையறியாமலே ஏற்று நடத்தல், பின்வந்தோர் அதனோடு சேர்த்த இரண்டாங் கூறு. ஏற்றுதல், ஏற்றல் என்னும் இரு சொற்களும் ஒலியால் நெருங்கியவை; பொருளால் வேறுபட்டவை. இக்கோட்பாட்டின் சிறப்பும் இடரும் அவ்விரண்டிற்கும் இடையிலேயே உள்ளன. கோட்பாடு குறிக்கும் நிகழ்ச்சி மெய்யானதா, அதனைக் கையாள்வோர் எவ்வரம்புக்கு உட்படல் வேண்டும் என்னும் இரு வினாக்களும் ஆராயற்பாலன.

சிக்மண்ட் பிராய்ட் 1922 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றிற் காதற்பொறாமையை மூவகைப்படுத்தினார். எல்லார்க்கும் இயல்பாயுள்ளது ஒன்று. தன் நெஞ்சிலே பிறர்பாற் செல்லும் விருப்பை ஒப்புக்கொள்ள மனமின்றி, அவ்விருப்பைத் துணைவர்மேல் ஏற்றுவதாற் பிறப்பது மற்றொன்று. மருட்சியின்பாற்பட்டது மூன்றாவது. இரண்டாம் வகையை விளக்குமிடத்து அவர் சேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்திலே டெஸ்டிமோனா பாடும் பாட்டைச் சுட்டுகின்றார். அப்பாட்டிலே காதலி தன் காதலனைப் பொய்யன் எனக் குறைகூற, அவனோ தன் ஒழுக்கக்கேட்டை அவளுக்கும் உரியதாக்கி மறுமொழி கூறுகிறான். பிராய்ட் கூறிய இவ்வேற்றுதல் ஒருவன் உள்ளத்தளவிலே நிகழ்ந்து முடிவது. ஏற்றப்பட்டவர் அதனால் மாற்றமடைய வேண்டுவதில்லை. சுவரில் நிழல் விழுதலாற் சுவர் வேறுபடாதவாறு போல்வது அது.

இக்கருத்தை மேற்கொண்டு வளர்த்தவர் மெலனி கிளைன். 1882 இல் வியன்னாவிற் பிறந்த அவர், புடாபெஸ்ற், பேர்லின் ஆகிய நகரங்களிற் பயிற்சி பெற்று, 1926 இல் இலண்டனிற் குடியேறினார். 1946 இல் அவர் பிரித்தானிய உளப்பகுப்புச் சங்கத்திற் படித்த கட்டுரை, குழந்தை தன் உள்ளத்தின் தீய பகுதிகளைப் பிளந்து தாயினுள்ளே செலுத்துவதாகக் கற்பனை செய்கிறது என்றது. அக்கற்பனையின் நோக்கம் தீமையை அகற்றுதல் மாத்திரமன்று. தாயை உள்ளிருந்தே அடக்கியாளுதலுமாம். 1952 இல் அக்கட்டுரை திருத்தம்பெற்று நூலொன்றில் வெளிவந்தபோது 'புறத்தேற்ற ஒன்றிப்பு' என்னும் பெயர் அதில் இடம்பெற்றது. தீயனவேயன்றி நல்லனவும் இவ்வாறு பிறர்மேல் ஏற்றப்படும் எனவும், அது மிகுமாயின் உள்ளம் வறுமையுறும் எனவும் கிளைன் கூறியது கருதற்பாலது. தன் அறிவையும் துணிவையும் முழுவதும் காதலன்மேல் ஏற்றிவிட்ட பெண் அவனின்றித் தான் ஒன்றுமில்லை என எண்ணுவதன் காரணம் இதனாற் பெறப்படும்.

கிளைன் 1955 இல் எழுதிய கட்டுரையொன்று இலக்கியத் திறனாய்வாகவே அமைந்தது. ஜூலியன் கிறீன் என்பார் பிரெஞ்சு மொழியில் எழுதி 1947 இல் வெளிவந்த நாவலொன்றை அவர் அதிற் பொருளாகக் கொண்டார். தன் வாழ்வில் மனநிறைவில்லாத பேபியன் என்னும் இளைஞன், பேயோடு உடன்படிக்கை செய்து, விரும்பியவர் உடலிற் புகுந்து அவராகவே வாழும் ஆற்றலைப் பெறுகிறான். ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் மாறிமாறிச் செல்லும் அவன் எவ்விடத்தும் அமைதி காணாது, முடிவில் தன் இல்லத்துக்கே மீள்கின்றான். பிறருட் புகுந்தவன் தன்னை இழக்கின்றான் என்னும் உண்மையைக் கிளைன் இக்கதையிற் கண்டார். ஆயினும் அவர் நோக்கு ஏற்றுபவன் உள்ளத்திலேயே நின்றது. ஏற்கப்பெற்ற உடலுக்குரியவர் என்ன ஆயினர் என்பது அவருக்கு முதன்மையான வினாவாகவில்லை.

அவ்வினாவிற்கு விடைகாண விரும்புவோர் பிராய்ட் சுட்டிய நாடகத்திற்கே மீளல் வேண்டும். 'ஒதெல்லோ' 1604 நவம்பர் 1 ஆம் நாள் இங்கிலாந்தின் அரசவையில் நடிக்கப்பெற்றது எனப் பதிவுண்டு. மூந்நூறு ஆண்டுகளுக்குப் பின் உளநூலார் பெயரிடவிருந்த நிகழ்ச்சியை அந்நாடகம் படிப்படியாகக் காட்டுகின்றது. இயாகோ ஒதெல்லோவை வெறுத்தற்குரிய காரணங்கள் பல கூறுகின்றான். துணைத்தளபதிப் பதவி கசியோவுக்குச் சென்றமை அவற்றுள் ஒன்று. ஒதெல்லோ தன் மனைவி எமிலியாவோடு கூடினான் என்னும் ஐயம் மற்றொன்று. அவ்வையத்திற்கு நாடகத்தில் எவ்வித ஆதாரமும் இல்லை. அது மெய்யோ பொய்யோ தான் அறியான் எனவும், மெய்யெனக் கொண்டே செயற்படுவான் எனவும் அவனே கூறுகின்றான். கசியோவையும் அவ்வாறே ஐயுறுகின்றான். ஆதலின் அப்பொறாமை புறத்தே நிகழ்ந்த எதனாலும் பிறந்ததன்று, அவனுள்ளே உள்ளது.

நஞ்சுபோலத் தன் உள்ளுறுப்புக்களை அரிக்கும் அப்பொறாமையை இயாகோ என் செய்கின்றான் என்பதே இங்கு நோக்கற்குரியது. மனைவிக்கு மனைவி எனக் கணக்குத் தீர்க்க அவன் எண்ணுகிறான். அஃது இயலாதாயின், அறிவால் மாற்றவொண்ணாத பொறாமையொன்றை ஒதெல்லோவின் நெஞ்சிற் புகுத்துவதாக உறுதிகொள்கிறான். அஃதாவது, தான் படும் துன்பத்தை மற்றவனும் பட்டாலன்றி அவனுக்கு அமைதியில்லை. மூன்றாம் அங்கத்தின் நெடுங்காட்சியில் அவன் கையாளும் முறை மிக நுண்ணிது. அவன் ஒன்றையும் தொடக்கத்தில் உறுதியாகக் கூறுவதில்லை. தயங்குகின்றான், ஒதெல்லோ சொன்ன சொல்லையே திருப்பிச் சொல்கிறான், எதனையோ மறைப்பான் போல நிற்கிறான். வெற்றிடம் ஒன்றை அமைத்து, அதனை ஒதெல்லோவே நிரப்புமாறு விடுகிறான். காட்சி முடியுமுன் இயாகோவின் நோய் ஒதெல்லோவின் நோயாகிவிடுகிறது. தன் ஐயத்தைப் பற்றி இயாகோ பின்னர் வாளாவிருக்க, ஒதெல்லோவின் பேச்சிலோ இயாகோவுக்குரிய இழிந்த விலங்குருவங்கள் புகுகின்றன. சுவரில் விழுந்த நிழல் இங்குச் சுவரையே அரித்துவிட்டது.

ஆயினும், வெறும் நிலத்தில் இவ்விதை முளைத்திராது. தான் கருநிறத்தான், அரண்மனை மாந்தரின் மென்மொழி அறியாதான், ஆண்டு முதிர்ந்தான் என்னும் எண்ணங்கள் ஒதெல்லோவின் உள்ளத்தில் முன்னரே உள்ளன. தந்தையை ஏமாற்றியவள் உன்னையும் ஏமாற்றுவாள் என்று டெஸ்டிமோனாவின் தந்தை பிரபான்சியோ சொல்லிச் சென்றதும் அங்கே கிடக்கின்றது. இயாகோ அவற்றைத் தொட்டு எழுப்புகின்றானேயன்றிப் புதிதாகப் படைக்கவில்லை. இதனாற் பெறப்படும் உண்மை யாதெனின், ஏற்றப்படுவது ஏற்பவரிடத்து ஒரு பற்றுக்கோட்டைத் தேடும் என்பதாம். இவ்வுண்மையை மறப்போர் இரு திறத்தானும் பிழைபடுவர். ஏற்றியவரே முழுக்காரணர் எனின் ஏற்றவர் பொம்மையாவர். ஏற்றவரே முழுக்காரணர் எனின் ஏற்றியவர் தப்பிவிடுவர்.

இக்கோட்பாட்டை நோய்க்குறி என்னும் நிலையிலிருந்து உயர்த்தி, மனிதர் ஒருவரோடொருவர் உறவுகொள்ளும் வழியாகவே கண்டவர் வில்பிரட் பயன். 1897 இல் இந்தியாவிலுள்ள மதுராவிற் பிறந்து இங்கிலாந்திற் கல்வி கற்ற அவர், முதல் உலகப்போரிலே கவசவண்டிப் படையிற் கடமையாற்றியவர். 1959 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், தன் உள்ளத்தாற் கொள்ளவியலாத சாவச்சத்தை வைத்தியரிடம் ஒப்படைக்க முயன்ற நோயாளி ஒருவரைப் பற்றி அவர் எழுதினார். அவ்வச்சம் வைத்தியர் உள்ளத்திற் போதிய காலம் தங்கி ஆறுமாயின், பின்னர் அதனைத் தான் தீங்கின்றித் திரும்பப் பெறலாம் என்பது நோயாளியின் எதிர்பார்ப்பு. வைத்தியரோ அதனை ஏலாது விரைவில் வெளியே தள்ளுகிறார் என நோயாளி உணர்ந்தபோது, முன்னினும் வன்மையாக அதனைத் திணிக்க முயன்றார். இதிலிருந்து பயன் குழந்தையின் நிலையை ஊகித்தார். அழும் குழந்தையின் அச்சத்தைத் தன்னுள் ஏற்று, தான் அஞ்சாது, அதனைத் தணித்து மீட்டுக் கொடுக்கும் தாயே குழந்தைக்குச் சிந்திக்கும் ஆற்றலைத் தருகின்றாள். 1962 இல் வெளிவந்த தம் நூலிலே கொள்கலம், கொள்பொருள் என்னும் உருவகத்தால் இதனை அவர் விரித்துரைத்தார். அமெரிக்க உளப்பகுப்பாளர் தோமஸ் ஒக்டன் 1979 இல் எழுதிய கட்டுரை இந்நிகழ்ச்சியை மூன்று படிகளாக்கிற்று: ஏற்றும் கற்பனை, பிறரை அதற்கேற்ப நடக்கத் தூண்டும் நெருக்குதல், ஏற்றவர் அதனைப் பக்குவப்படுத்தி மீளக்கொடுத்தல். கிளைன் கூறாத மூன்றாம் படியே சிகிச்சையின் உயிர்நாடி எனலாம்.

இடர் தோன்றும் இடமும் இதுவே. வைத்தியரின் உள்ளத்தில் எழும் உணர்ச்சிகள் நோயாளியை அறிதற்குரிய கருவியாகும் எனப் போலா ஹைமன் 1950 இல் எழுதினார். அதற்கு முன் அவ்வுணர்ச்சிகள் வைத்தியரின் குறையெனவே பெரும்பாலும் கருதப்பட்டன. புதிய கருத்து வைத்தியர்க்கு அரியதொரு கருவியைத் தந்தது. அதனோடு தப்புவதற்கு எளியதொரு வழியையும் தந்தது. அலுப்புற்ற வைத்தியர், நோயாளி தம்முள் அலுப்பைப் புகுத்தினார் எனலாம். சினமுற்றவர், சினம் நோயாளியுடையது எனலாம். கிளைன் இதனை விரும்பவில்லை. இளம் வைத்தியர் ஒருவர், நோயாளி தம் குழப்பத்தைத் தம்முட் புகுத்திவிட்டதாக விளக்கங் கூறினாராக, குழம்பியவர் நீரே என்று கிளைன் மறுமொழி பகர்ந்தார் என உளப்பகுப்பாளரிடையே ஒரு செய்தி வழங்குகின்றது. கோட்பாட்டுக்குப் பெயரிட்டவரே அதன் தவறான ஆட்சியைக் கண்டித்த வரலாறு இது.

மருத்துவ அறையில் ஒருவர் வைத்தியர், மற்றவர் நோயாளி. இல்லறத்திலோ அப்பாகுபாடு இல்லை. இருவரும் ஏற்றுபவர், இருவரும் ஏற்பவர். இலண்டன் தவிஸ்ரொக் நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி டிக்ஸ், மணவாழ்விற் பிணக்குற்ற தம்பதிகளை ஆராய்ந்து 1967 இல் நூலொன்று வெளியிட்டார். தம்பதிகள் பலர் இருவேறு மனிதராக அன்றி, ஓருள்ளத்தின் இரு கூறுகள் போல வாழ்வதை அவர் கண்டார். தன்னுட் புதைத்துவிட்ட பண்பொன்றைத் துணைவரிடத்துக் கண்டு கவரப்பட்டு மணந்தவர், பின்னர் அப்பண்புக்காகவே அவரை வெறுக்கின்றார். அச்சத்தை அறியாதவன் போல் வாழும் கணவனின் அச்சத்தையெல்லாம் மனைவி சுமக்கின்றாள்; செலவிடும் ஆசையைத் தன்னுள் அடக்கியவள் அவ்வாசையைக் கணவனிடத்துக் கண்டு ஓயாது கண்டிக்கின்றாள். ஒருவர் ஏற்றுவதை மற்றவர் ஏற்பதற்கும் ஆதாயம் உண்டு. அஞ்சுபவள் காப்பாற்றப்படுகிறாள், கண்டிக்கப்படுபவன் பொறுப்பினின்று விடுபடுகிறான். இந்த மறைவான உடன்படிக்கையால் மணவாழ்வு இன்பமின்றியும் நெடுங்காலம் நிலைத்து நிற்கும்.

இவையெல்லாம் உளப்பகுப்பாளரின் கற்பனையே எனக் கூறுவோர் உளர். உணர்ச்சி ஓருள்ளத்திலிருந்து மற்றோருள்ளத்துக்கு எவ்வழியாற் செல்லும் என அவர் கேட்பது நியாயமே. அதற்கு மந்திரம் எதுவும் வேண்டியதில்லை என்பதைச் சோதனை முறை உளநூல் காட்டியுள்ளது. அமெரிக்காவில் மார்க் சினைடரும் துணையாசிரியர் இருவரும் 1977 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஆடவர் சிலர் முன்பின் அறியாத பெண்களோடு தொலைபேசியிற் பேசினர். தாம் பேசும் பெண் அழகியென ஒருசாராரும், அழகற்றவளென ஒருசாராரும் ஒரு படத்தைப் பார்த்து எண்ணுமாறு செய்யப்பட்டனர். படமோ அப்பெண்ணுடையதன்று. பின்னர்ப் பெண்களின் பேச்சை மட்டும் கேட்ட நடுநிலையாளர், அழகியெனக் கருதப்பட்டவர்கள் உண்மையாகவே இனிமையும் கலகலப்பும் மிகுந்து பேசினர் என மதிப்பிட்டனர். எதிர்பார்ப்பு குரல்வழிச் சென்று மற்றவரை உருமாற்றிற்று. அடுத்து, கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஜெரால்டின் டௌனியும் அவர்தம் குழுவினரும் 1998 இற் காதலர் உறவை ஆராய்ந்தனர். துணைவர் தம்மைப் புறக்கணிப்பர் என மிகவும் அஞ்சிய பெண்கள், பிணக்கு நேருமிடத்து நடந்துகொண்ட முறையே துணைவரின் சினத்தை வளர்த்தமையை அவ்வாராய்ச்சி காட்டிற்று. அஞ்சியது அஞ்சியமையாலே வந்தது.

இச்சோதனைகள் உணர்ச்சி கடத்தப்படும் என்பதற்கு ஆதாரமாகும். நனவிலி உள்ளத்தின் பிளவுகளைப் பற்றிக் கிளைன் கூறியவை யாவற்றையும் அவை நிறுவிவிடா. இவ்வேறுபாட்டை மறைப்பது நேர்மையன்று. அன்றியும், இச்சொல்லின் பொருள் காலப்போக்கிற் பெரிதும் விரிந்துவிட்டது. குழந்தையின் கற்பனை, நோயாளியின் நெருக்குதல், தாயின் பரிவு, தம்பதிகளின் உடன்பாடு என யாவும் ஒரே பெயராற் சுட்டப்படுகின்றன. எல்லாவற்றையும் விளக்கும் சொல் எதனையும் விளக்காதொழியும். எனினும், இவற்றினும் பெரிய குறை, இக்கோட்பாட்டை மறுத்தற்கு அதற்கு உட்பட்டவரிடம் வழியில்லாமையே. உன் சினத்தை என்னுட் புகுத்தினாய் என்று ஒருவர் கூற, மற்றவர் மறுப்பின், அம்மறுப்பும் நனவிலி உள்ளத்தின் சான்றாகக் கொள்ளப்படும். வலியார் கையில் இக்கோட்பாடு படைக்கலமாவது இதனாலேயே.

டெஸ்டிமோனாவின் முடிவு இதனை விளக்கும். நான்காம் அங்கத்திலே ஒதெல்லோ அவளைப் பரத்தையாகவே நடத்துகிறான். அவள் திகைத்து, அரைத்துயிலில் உள்ளவள் போலாகின்றாள். சாகுந்தறுவாயில் இதனைச் செய்தவர் யார் என எமிலியா கேட்க, ஒருவருமிலர், தானே என்கின்றாள். இதனை அன்பின் உச்சம் என்பார் பலர். தன்மேல் ஏற்றப்பட்ட குற்றத்தைத் தன் சாவையும் உள்ளிட்டு ஏற்றுவிட்டாள் எனக் கோட்பாடு கூறும். அவ்விளக்கத்தில் உண்மையுண்டு. ஆயினும் அதனையே முடிவாகக் கொண்டு, ஏற்றமையால் அவளும் குற்றத்திற்குப் பங்காளி எனக் கூறுவது கொலையுண்டவள்மேற் கொலைப்பழியை மீண்டும் ஏற்றுவதாகும். ஒதெல்லோ செய்ததையே கோட்பாடும் செய்துவிடும். கையோங்குபவனுக்கும் அதற்கு உட்படுபவளுக்கும் இடையிலுள்ள வலிமை வேறுபாட்டைக் கணக்கிலெடாத எவ்வுளநூலும் நீதியுடையதாகாது.

அந்நாடகத்தில் மருந்தும் உளது. அது எமிலியாவின் வாயிலாக வருகின்றது. கணவன் வாயடைக்க முயன்றும் அவள் அடங்கவில்லை. கைக்குட்டையைத் தானே எடுத்துக் கணவனிடம் கொடுத்ததாக ஒப்புக்கொண்டே அவள் அவன் பொய்யை வெளிப்படுத்துகின்றாள். தன் பங்கைத் தான் முதலிற் கூறியமையால் அவள் கூற்று வலிமை பெற்றது. புறத்தேற்ற ஒன்றிப்பு என்னும் கோட்பாட்டைக் கையாள விரும்பும் வைத்தியர்க்கும், கணவர்க்கும், மனைவியர்க்கும் இதனினும் சிறந்த வரம்பு கூறல் அரிது. இவ்வுணர்ச்சி உன்னுடையது எனக் கூறுமுன், இதில் என்னுடையது எவ்வளவு என வினவுதல் முதற் கடமை. மற்றவர் மறுத்தால் அம்மறுப்பு மெய்யாதலும் கூடும் எனக் கொள்ளல் இரண்டாவது. ஏற்றதை உடனே திருப்பி வீசாது, சிறிது நேரம் தன்னுள் வைத்துத் தணித்தல் மூன்றாவது.

இவ்வரம்புக்குள் நிற்பின், இக்கோட்பாடு மனித உறவின் இருண்ட மூலையொன்றிற்கு விளக்காகும். வரம்பு கடப்பின், தன் குற்றத்தைப் பிறர்மேல் ஏற்றும் பழைய வழக்கத்திற்கே புதிய கலைச்சொல் ஒன்று கிடைத்ததாக முடியும். இயாகோவும் பிறர் உள்ளத்தை நன்கு அறிந்தவனே. தன் நெஞ்சின் நஞ்சு தன்னுடையதெனக் கண்டும் அதனைத் தானே தாங்க அவன் ஒருப்படவில்லை. அறிவு இருந்தும் அவன் செய்தது அழிவே. பயன் கூறிய தாய் கோட்பாடு எதனையும் அறியாள்; ஆயினும், குழந்தையின் அச்சத்தை ஏற்று, அஞ்சாது தாங்கி, அமைதியாக்கிக் கொடுக்கின்றாள். ஏற்றுதலின் இயல்பை ஆராய்ந்த நூல் முடிவில் ஏற்றலின் பெருமையையே கற்பிக்கின்றது.